லாக்அவுட் செய்த பிறகும் என்கிரிப்ட் செய்த ஹோம் ஃபோல்டர் திறந்தே கிடக்கிறது, எப்படிப் பூட்டுவது?

கணக்கர்_திருச்சி:

வணக்கம் நண்பர்களே. வருமான வரிக் கணக்கு பார்க்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. ஒரே லினக்ஸ் டெஸ்க்டாப்பை மூன்று பேர் வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகிறோம், மூவருக்கும் தனித்தனி கணக்கு. வாடிக்கையாளர்களின் பான் அட்டை, வங்கி அறிக்கை எல்லாம் அதில் இருப்பதால் மூவருடைய ஹோம் ஃபோல்டரும் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது. பழைய உபுண்டு காலத்திலிருந்தே இக்ரிப்ட்எஃப்எஸ் என்ற ஃபோல்டர் என்கிரிப்ஷன் முறைதான், பதிப்பை மட்டும் மேம்படுத்திக்கொண்டே வந்திருக்கிறோம்.

நான் லாக்அவுட் செய்துவிட்டுக் கிளம்பிய பிறகும் என் ஹோம் மவுண்ட் ஆகியே, அதாவது திறந்து படிக்கும் நிலையிலேயே, இருக்கிறது. அடுத்து உட்காரும் சக ஊழியருக்கு சூடோ உரிமை (நிர்வாகி அதிகாரம்) உண்டு, பிரிண்டர், அப்டேட் எல்லாம் அவர்தான் பார்க்கிறார். அவர் நினைத்தால் என் ஃபைல்கள் அத்தனையும் படிக்கலாம். நல்ல மனிதர், செய்ய மாட்டார். ஆனால் வாடிக்கையாளருக்கு நான் கொடுத்த வாக்கு இன்னொருவருடைய நல்ல குணத்தை நம்பி இருக்கக் கூடாது. ரீபூட் செய்தால் மட்டும் சரியாகப் பூட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ரீபூட் செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். வழி இருக்கிறதா?

பழைய_முனையம்:

முதலில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்மவுண்ட் செய்ய (ஹோமைப் பூட்ட) முயற்சி நடந்து அது தோற்றதா, அல்லது முயற்சியே நடக்கவில்லையா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

லாக்அவுட் செய்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து வேறு கணக்கிலிருந்து பாருங்கள். லாகின்சிடிஎல் கட்டளையில் செஷன் பட்டியல் என்ன காட்டுகிறது, உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா, இருந்தால் 'க்ளோசிங்' என்று இருக்கிறதா? அப்புறம் ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு ஃப்யூசர் கட்டளையை உங்கள் ஹோம் மீது ஓட்டினால் எந்தப் பிராசஸ் (ஓடும் நிரல்) அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். கடைசியாக, டெவ் என்பதன் உள்ளே எஸ்ஹெச்எம் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் இக்ரிப்ட்எஃப்எஸ் என்று தொடங்கி உங்கள் பயனர் பெயரைச் சொல்லி 'பிரைவேட்' என்று முடியும் ஒரு சின்ன ஃபைல். அதற்குள் ஒரே ஒரு எண்தான் இருக்கும். அந்த எண் என்ன?

ஹோமுக்குள் இருக்கும் புள்ளி வைத்த இக்ரிப்ட்எஃப்எஸ் ஃபோல்டரில் 'ஆட்டோ-யுமவுண்ட்' என்று ஒரு வெற்று ஃபைல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பெயரில் 'அன்' இருக்காது, வெறும் 'யுமவுண்ட்'. அது இல்லையென்றால் லாக்அவுட்டில் யாரும் பூட்ட முயலவே மாட்டார்கள்.

கணக்கர்_திருச்சி:

பார்த்துவிட்டேன். செஷன் பட்டியலில் என் பெயர் இல்லை. ஃப்யூசர் எந்தப் பிராசஸையும் காட்டவில்லை. ஆட்டோ-யுமவுண்ட் ஃபைல் இருக்கிறது. அந்த எண் ஃபைலில் 1 என்று இருக்கிறது. யாரும் உள்ளே இல்லாதபோது 1 எப்படி?

வேர்ப்பயனர்:

அந்த 1 தான் உங்கள் பிரச்சினை முழுவதும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இது புரிந்தால்தான் கீழே வரும் மாற்றத்தைப் பயமில்லாமல் செய்ய முடியும்.

நீங்கள் லாகின் செய்யும்போது பிஏஎம் என்ற அடுக்கு வேலை செய்கிறது. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, செஷனைத் திறப்பது, முடிந்ததும் மூடுவது எல்லாம் அதன் வழியாகத்தான். அதில் இக்ரிப்ட்எஃப்எஸ்ஸுக்கு ஒரு மாட்யூல் உண்டு. உங்கள் கடவுச்சொல்லை வைத்து, அதனாலேயே மறையாக்கிச் சுற்றி வைக்கப்பட்ட உண்மையான மவுண்ட் சாவியைப் பிரித்தெடுத்து கர்னலின் சாவி வளையத்தில் போடும். செஷன் திறக்கும்போது ஹோமை மவுண்ட் செய்து எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். செஷன் மூடும்போது ஒன்று கழிக்கும், பூஜ்ஜியம் வந்தால்தான் அன்மவுண்ட். ஒரே ஆள் திரையிலும் இருக்கலாம், எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க்கில் தொலைவிலிருந்து லாகின்) வழியாகவும் வந்திருக்கலாம், ஒன்றை மூடும்போது மற்றொன்றின் காலடியிலிருந்து ஹோமை உருவிவிடக் கூடாது என்பதற்காக வைத்த கணக்கு. நல்ல ஏற்பாடுதான்.

லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி வந்த பிறகு ஒவ்வொரு பயனருக்கும் பின்னணியில் ஒரு பயனர் மேலாளர் பிராசஸ் தொடங்குகிறது. பல்ஸ்ஆடியோ, டிபஸ், ஜிபிஜி ஏஜென்ட் போன்றவற்றை அதுதான் நடத்துகிறது. அந்த மேலாளரும் தனக்கென்று ஒரு பிஏஎம் செஷன் திறக்கிறது, அதன் சர்வீஸ் பெயர் சிஸ்டம்டி-யூசர். டெபியன், உபுண்டு வழியில் அந்த ஃபைல் பொதுவான செஷன் விதிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அந்த விதிகளில் இக்ரிப்ட்எஃப்எஸ் மாட்யூலும் இருக்கிறது. ஆக நீங்கள் ஒரு முறை லாகின் செய்தால் எண்ணிக்கை 2. லாக்அவுட்டில் உங்கள் செஷன் ஒன்றைக் கழிக்கிறது, மிச்சம் 1. 'இன்னும் செஷன் திறந்திருக்கிறது, அன்மவுண்ட் செய்யவில்லை' என்று பொருள்படும் செய்தியோடு மாட்யூல் ஒதுங்கிக்கொள்கிறது. மேலாளர் மூடும்போது அந்தக் கடைசி 1 கழிய வேண்டும், கழிவதில்லை. மேலாளரின் பிஏஎம் வேலையைப் பார்க்கும் துணைப் பிராசஸ் ரூட் உரிமையை விட்டுவிட்டுப் பயனராகவே காத்திருக்கிறது, சாவி வளையமும் சாதாரண செஷனில் இருப்பது போல் அதற்குக் கிடைப்பதில்லை.

உங்கள் கணினி மட்டும் இப்படி இல்லை. டெபியனின் பிழைப் பட்டியலில் 765854 என்ற எண்ணில் இது ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. உபுண்டு பக்கம் 1734541. தீராத தீவிரப் பிழை என்று சொல்லி 2019-இல் வந்த டெபியன் 10-இலிருந்து இக்ரிப்ட்எஃப்எஸ் கருவித் தொகுப்பையே எடுத்துவிட்டார்கள். அதன் வெளியீட்டுக் குறிப்பில், இதைப் பயன்படுத்துகிறவர்கள் மேம்படுத்தாமல் இருப்பதைத் தவிர வேறு தெளிவான அறிவுரை இல்லை என்ற பொருளில்தான் எழுதியிருந்தார்கள். உபுண்டு 18.04-இன் நிறுவியிலும் ஹோம் என்கிரிப்ஷன் தேர்வு காணாமல் போனது.

நிலாச்சோறு:

இத்தனை சிரமம் எதற்கு? வட்டு முழுவதையும் லக்ஸ் கொண்டு என்கிரிப்ட் செய்துவிட்டுப் போங்கள். கணினி திருடு போனாலும் ஒன்றும் கிடைக்காது. ஹோமின் அனுமதி 700 என்று இருந்தால் மற்ற பயனர்கள் உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது. உபுண்டுவும் டெபியனும் அந்தப் பக்கம் போனதற்குக் காரணம் இருக்கிறது.

யாழினி_கே:

//ஹோமின் அனுமதி 700 என்று இருந்தால் மற்ற பயனர்கள் உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது//

தோழர், அவர் முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார், அடுத்தவருக்கு சூடோ உண்டு. ரூட்டுக்கு 700 ஒரு தடையே இல்லை. முழு வட்டு என்கிரிப்ஷன் கணினி அணைந்திருக்கும்போதுதான் காக்கும். காலையில் ஒருவர் கடவுச்சொல் போட்டு பூட் செய்துவிட்டால் மாலை வரை வட்டு எல்லோருக்கும் திறந்ததுதான், வாசல் கதவைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே பீரோவைத் திறந்து போட்டது போல. மூன்று பேர் பகிரும் கணினியில் ஒவ்வொருவருடைய தரவும் அவர் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் தேவை. அந்தத் தேவைக்கு லக்ஸ் வட்டு பதில் இல்லை.

இந்த வேறுபாட்டைப் பலர் கண்டுகொள்வதே இல்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. 'ஹோம் என்கிரிப்ட் செய்யப்பட்டது' என்று ஒரு பயனரிடம் சொன்னால், லாக்அவுட் செய்ததும் அது பூட்டப்படும் என்றுதான் அவர் புரிந்துகொள்வார். அப்படிப் பூட்டவில்லையென்றால் எந்த எச்சரிக்கையும் திரையில் வருவதில்லை. நம்மவர் தற்செயலாகப் பார்த்ததால்தான் தெரிந்தது.

நிலாச்சோறு:

சூடோ விஷயம் நியாயம். ஆனால் நம்ப முடியாத ரூட் இருக்கும் கணினியில் எந்த என்கிரிப்ஷனும் பயனில்லையே? நீங்கள் லாகின் செய்திருக்கும்போது அவர் ஒரு கீலாகர் (தட்டச்சு செய்வதைப் பதிவு செய்யும் நிரல்) வைத்தால்?

வேர்ப்பயனர்:

திட்டமிட்டுத் தாக்கும் ரூட்டுக்கு எதிராக இது கவசம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீலாகர் வைப்பது ஒருவர் முடிவெடுத்துச் செய்யும் குற்றம். பேக்கப் ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடி திறந்து கிடக்கும் ஹோமையும் சேர்த்து வெளி டிரைவுக்கு நகல் எடுத்துவிடுவது யாரும் நினைக்காமலே நடப்பது. நான் பார்த்த கசிவுகள் எல்லாம் இந்த இரண்டாவது வகை. பூட்டியிருந்தால் அந்த பேக்கப்பில் மறையாக்கப்பட்ட ஃபைல்கள் மட்டும்தான் போயிருக்கும்.

சரி, தீர்வுக்கு வருவோம். ஆர்ச் லினக்ஸ்காரர்கள் தங்கள் விக்கியில் சொல்லும் வழிதான், எளிமையானது. சிஸ்டம்டி-யூசர் சர்வீஸ் திறக்கும் செஷனில் இக்ரிப்ட்எஃப்எஸ் மாட்யூலைத் தாண்டிப் போகச் சொல்ல வேண்டும். பிஏஎம்மில் 'சக்சீட்_இஃப்' என்று ஒரு மாட்யூல் உண்டு. செஷன் பகுதியில் இக்ரிப்ட்எஃப்எஸ் வரிக்கு நேர் மேலே ஒரு வரி. அதன் பொருள் இது: சர்வீஸின் பெயர் சிஸ்டம்டி-யூசர் என்றால் அடுத்த ஒரு வரியைத் தாண்டு, இல்லையென்றால் எதுவும் நடக்காதது போல் தொடரு. அடைப்புக்குள் சக்சஸ் 1, டிஃபால்ட் இக்னோர், கடைசியில் க்வையட் என்ற சொல்லும் வேண்டும், இல்லாவிட்டால் லாக் நிரம்பி வழியும். பொது செஷன் ஃபைல், நான்-இன்டராக்டிவ் செஷன் ஃபைல் இரண்டிலும் இக்ரிப்ட்எஃப்எஸ் வரி இருக்கும், இரண்டிலும் செய்யுங்கள்.

கவனம் வேண்டிய இடம், அந்த 1 என்பது 'அடுத்த ஒரு வரி' மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் வேறு வரி வந்துவிட்டால் தாண்டக் கூடாததைத் தாண்டிவிடும். மாற்றம் செய்யும்போது வேறு ஒரு திரையில் ரூட் ஷெல் ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள். பிஏஎம் ஃபைலில் எழுத்துப் பிழை என்றால் யாராலும் லாகின் செய்ய முடியாமல் போகலாம். புதிய லாகின் ஒன்று சரியாக வேலை செய்வதைப் பார்த்த பிறகே அந்த ஷெல்லை மூடுங்கள்.

பழைய_முனையம்:

ஒன்று சேர்க்கிறேன். டெபியன் வழியில் 'காமன்' என்று தொடங்கும் அந்த ஃபைல்களை பிஏஎம்-ஆத்-அப்டேட் என்ற கருவி எழுதுகிறது. நீங்கள் கையால் மாற்றினால் அடுத்த முறை 'உள்ளூரில் மாற்றப்பட்டிருக்கிறது, மேலே எழுதட்டுமா' என்று கேட்கும். பழக்கத்தில் ஆம் என்று சொல்லிவிட்டால் மாற்றம் போய்விடும், ஹோம் மறுபடி திறந்து கிடக்கும், அப்போதும் எந்த எச்சரிக்கையும் வராது. அதனால் பிஏஎம்-கான்ஃபிக்ஸ் ஃபோல்டரில் இந்த இரண்டு வரிகளும் சேர்ந்த தனி சுயவிவரம் ஒன்றை வேறு பெயரில் எழுதி, பழையதை அணைத்து, இதை இயக்குவதுதான் நிலைக்கும்.

கணக்கர்_திருச்சி:

மிக்க நன்றி இருவருக்கும். தனி சுயவிவரமாகவே செய்தேன். இப்போது லாகின் செய்தால் எண் 1, லாக்அவுட் செய்ததும் மவுண்ட் பட்டியலில் என் ஹோம் இல்லை. இரண்டாவது ஆளுக்கும் அப்படியே.

மூன்றாமவர் கணக்கு மட்டும் படுத்துகிறது. மவுண்ட் பட்டியலில் அவர் ஹோம் மறைந்துவிடுகிறது, ஆனால் லாகின்சிடிஎல் பார்த்தால் அவருடைய பயனர் மேலாளர் ஓடிக்கொண்டே இருக்கிறது, நாள் முழுவதும். அவர் வீட்டுக் கணினியோடு ஃபோல்டரை ஒத்திசைக்க சின்க்திங் போட்டிருக்கிறார். ஃபோல்டர் மறைந்துவிட்டதால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

யாழினி_கே:

எடுத்துக்கொள்ளக் கூடாது. இக்ரிப்ட்எஃப்எஸ்ஸின் அன்மவுண்ட் கருவி 'லேசி' முறையில் பிரிக்கிறது. அதாவது ஃபோல்டர் மரத்திலிருந்து உடனே பிரித்துவிடும், ஆனால் ஏற்கெனவே அதற்குள் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் பிராசஸுக்கு அந்தக் கோப்பமைப்பு உயிரோடுதான் இருக்கும். கடைசி பிராசஸ் விடும்வரை உள்ளே எல்லாம் படிக்கலாம். பயனர் மேலாளர் தொடங்கும் சர்வீஸ்கள் வழக்கமாக ஹோமிலேயே உட்கார்ந்துகொண்டுதான் ஓடும், எனவே பிடி விடாது.

அவர் கணக்குக்கு 'லிங்கர்' இயக்கப்பட்டிருக்கும். சின்க்திங் எப்போதும் ஓட வேண்டும் என்று யாரோ சொல்லி இயக்கியிருப்பார். லிங்கர் என்றால் ஆள் இல்லாதபோதும் மேலாளர் இருக்கும், பூட் ஆனதுமே தொடங்கிவிடும். என்கிரிப்ட் செய்த ஹோமுக்கு இது அடிப்படையிலேயே பொருந்தாது. கணினி பூட் ஆகும்போது ஹோம் பூட்டியிருக்கும், சின்க்திங்குக்குத் தன் அமைப்பு ஃபைல்கூட கிடைக்காது. லிங்கரை அணையுங்கள். அவர் உள்ளே இருக்கும் நேரத்தில் மட்டும் ஒத்திசைவு நடக்கட்டும்.

லிங்கர் இல்லாத சாதாரணக் கணக்கிலும் கடைசி செஷன் முடிந்ததும் மேலாளரை, செஷன்களைக் கவனிக்கும் லாகின்டி உடனே நிறுத்துவதில்லை, இயல்பாக 10 வினாடி பொறுக்கும். யூசர்-ஸ்டாப்-டிலே என்ற அமைப்பை பூஜ்ஜியம் ஆக்கினால் உடனே நிறுத்தும்.

ஆய்வக_இரவு:

இந்த இழையைப் படித்துவிட்டுத்தான் எங்கள் ஆய்வகக் கணினியைப் பார்த்தேன், அதே நோய். ஆனால் இங்கே இக்ரிப்ட்எஃப்எஸ் இல்லை, பிஏஎம்_மவுண்ட்டும் (லாகினில் வட்டுப் பகுதியை மவுண்ட் செய்யும் பிஏஎம் மாட்யூல்) ஆளுக்கொரு லக்ஸ் பகுதியும். லாக்அவுட்டில் 'டிவைஸ் பிஸி' என்று தோற்கிறது. காரணம் டிமக்ஸ், லாக்அவுட் ஆன பிறகும் நிரலை ஓட வைக்கும் கருவி. மாணவர்கள் சிமுலேஷனை ஓடவிட்டுவிட்டுப் போகிறார்கள்.

பழைய_முனையம்:

பிஏஎம்_மவுண்ட்டுக்கும் அதே 'சக்சீட்_இஃப்' வரி தேவை, அதுவும் எண்ணிக்கை வைத்துத்தான் நடக்கிறது. அதன் எக்ஸ்எம்எல் அமைப்பு ஃபைலில் 'லாக்அவுட்' என்று ஒரு குறிச்சொல் உண்டு. அன்மவுண்ட்டுக்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், மிச்சப் பிராசஸ்களுக்கு ஹெச்யுபி, டெர்ம், கில் என்ற நிறுத்தச் சமிக்ஞைகளில் எதை அனுப்ப வேண்டும் என்று அதில் சொல்லலாம்.

டிமக்ஸ் பற்றிய சண்டை பழையது. 2016 மே மாதம் வந்த சிஸ்டம்டி 230-இல், லாக்அவுட் ஆனதும் பயனரின் எல்லாப் பிராசஸையும் கொன்றுவிடுவதை இயல்பாக ஆக்கினார்கள். ஸ்க்ரீன், டிமக்ஸ், நோஹப் பயன்படுத்துகிறவர்கள் கொதித்துப் போனார்கள், பல விநியோகங்கள் அதை இல்லை என்று மாற்றியே தொகுத்தன. இன்றும் பெரும்பாலான இடங்களில் கில்-யூசர்-பிராசஸஸ் அணைந்துதான் இருக்கும். பகிரும் சர்வர்களுக்கு அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் என்கிரிப்ட் செய்த ஹோம் உள்ளவர்களுக்கு அந்த இயல்புதான் சரியாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. எல்லோருக்கும் ஒன்றே வேண்டியதில்லை, கில்-ஒன்லி-யூசர்ஸ் என்பதில் யாருக்கு மட்டும் கொல்ல வேண்டும் என்று பெயர் கொடுக்கலாம்.

வேர்ப்பயனர்:

ஆய்வக நண்பருக்கு: சிமுலேஷன் இரவு முழுவதும் ஓட வேண்டும், அதன் தரவு பூட்டிய ஹோமில் இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது. ஓடும் நிரல் ஃபைலைப் படிக்க வேண்டுமென்றால் சாவி நினைவகத்தில் இருந்தே ஆக வேண்டும். ரகசியம் இல்லாத சிமுலேஷன் தரவுக்கு ஹோமுக்கு வெளியே ஒரு இடம் கொடுங்கள், வேலை அங்கே நடக்கட்டும். டிமக்ஸை அந்த இடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், தற்போதைய ஃபோல்டர் ஹோமாக இருந்தாலே பிடித்துக்கொள்ளும்.

ஆய்வக_இரவு:

புரிகிறது. மாணவர்களிடம் சொல்லிப் பழக்குவதுதான் கடினம், ஆனால் வேறு வழியில்லை.

கணக்கர்_திருச்சி:

லிங்கரை அணைத்தாயிற்று, மூன்று கணக்கும் இப்போது பூட்டுகின்றன. கடைசியாக ஒரு கேள்வி. கைவிடப்பட்ட இக்ரிப்ட்எஃப்எஸ்ஸில் இன்னும் எத்தனை நாள் இருப்பது என்ற கவலை இருக்கிறது. புதிய கணினி வாங்கப் போகிறோம், அதில் எதைப் போடலாம்?

யாழினி_கே:

இரண்டு வழி உண்டு.

முதலாவது எஃப்எஸ்கிரிப்ட். ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்புக்குள்ளேயே இருக்கும் என்கிரிப்ஷனைப் பயன்படுத்துகிறது, ஆண்ட்ராய்டு ஃபோன்களில் கோப்பு வாரியான என்கிரிப்ஷனுக்கு இருப்பதும் கர்னலின் இதே பகுதிதான். இதில் மவுண்ட், அன்மவுண்ட் என்பதே இல்லை, சாவியைச் சேர்த்தால் திறக்கும், நீக்கினால் பூட்டும். கர்னல் 5.4-இல் இந்தச் சேர்ப்பதும் நீக்குவதும் ஒழுங்காக வந்தது. ஆனால் உங்கள் பிரச்சினை மாயமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஏதாவது பிராசஸ் ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் 'முழுமையாகப் பூட்டவில்லை, சில ஃபைல்கள் திறந்திருக்கின்றன' என்ற பொருளில் சொல்லும். கட்டளை கொடுத்துப் பூட்டினால் அந்தச் செய்தியாவது கண்ணில் படும், அது பெரிய முன்னேற்றம். லிங்கர், டிமக்ஸ் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். ஃபைலின் அளவு, தேதி போன்றவை மறைவதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது சிஸ்டம்டி-ஹோம்டி, 2020 மார்ச்சில் சிஸ்டம்டி 245-ஓடு வந்தது. ஹோம் முழுவதும் ஒரே லக்ஸ் ஃபைலுக்குள். பூட்டுவதும் திறப்பதும் பயனர் மேலாளரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் யார் எப்போது முடிந்தார் என்ற குழப்பம் குறைவு. ஆனால் பயனர் கணக்குகளையே வேறு முறையில் நிர்வகிக்க வேண்டும், எஸ்எஸ்ஹெச் சாவி மட்டும் வைத்து உள்ளே நுழைவது போன்ற இடங்களில் சிக்கும். மூன்று பேர் நேரில் உட்காரும் அலுவலகத்துக்கு எஃப்எஸ்கிரிப்ட்டே போதும் என்று நினைக்கிறேன்.

எதைத் தேர்ந்தாலும் ஸ்வாப் பகுதியை (நினைவகம் போதாதபோது அதிலுள்ளதை எழுதி வைக்கும் வட்டு இடம்) என்கிரிப்ட் செய்யுங்கள். ஹோம் பூட்டியிருந்து, அதில் திறந்த பிடிஎஃப்பின் துண்டு ஸ்வாப்பில் வெளிப்படையாகக் கிடந்தால் இவ்வளவு உழைப்பும் வீண்.

நிலாச்சோறு:

இதோடு வட்டுக்கு லக்ஸும் போட்டுவிடுங்கள். அணைத்த கணினிக்கு அது, ஓடும் கணினிக்கு இது. யாழினி சொன்ன வேறுபாட்டை ஏற்கிறேன்.

வேர்ப்பயனர்:

மாறும் முன் ஒன்று செய்தாக வேண்டும். மூன்று பேரும் தங்கள் தங்கள் கணக்கில் இக்ரிப்ட்எஃப்எஸ்-அன்ராப்-பாஸ்ஃப்ரேஸ் கட்டளையை ஓட்டி, வரும் 32 எழுத்து மவுண்ட் சாவியைத் தாளில் எழுதி அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். லாகின் கடவுச்சொல் வேறு, இது வேறு. சுற்றி வைத்த சாவி ஃபைல் கெட்டுப்போனால் கடவுச்சொல் தெரிந்தும் தரவு கிடைக்காது, இந்தத் தாள் மட்டும்தான் காப்பாற்றும்.

எஃப்எஸ்கிரிப்ட் காலியான ஃபோல்டரை மட்டுமே என்கிரிப்ட் செய்யும், ஏற்கெனவே ஃபைல் இருக்கும் ஃபோல்டரை அப்படியே மாற்றாது. எனவே புதிய கணினியில் காலி ஹோமை முதலில் என்கிரிப்ட் செய்துவிட்டு, பழையதில் லாகின் செய்த நிலையில் நெட்வொர்க் வழியாக எஸ்எஸ்ஹெச்சில் நகலெடுங்கள். நடுவில் பென் டிரைவ் வேண்டாம். அதில் வெளிப்படையாக ஒரு பிரதி தங்கிவிடும், ஃப்ளாஷ் நினைவகத்தில் அழித்ததை உண்மையில் அழித்தோமா என்று உறுதி செய்ய முடியாது.

கணக்கர்_திருச்சி:

சாவியை இன்றே எழுதி வைக்கச் சொல்லிவிட்டேன். புதிய கணினியில் எண்ணிக்கை ஃபைலுக்குப் பதிலாக எதைப் பார்த்துப் பூட்டியிருக்கிறதா என்று உறுதி செய்வது?

யாழினி_கே:

எஃப்எஸ்கிரிப்ட்டின் 'ஸ்டேட்டஸ்' கட்டளையை ரூட்டாக அந்த ஹோம் மீது ஓட்டுங்கள், 'அன்லாக்டு: நோ' என்று வர வேண்டும். பூட்டிய ஹோமைப் பட்டியலிட்டால் ஃபைல் பெயர்கள் குழம்பிய எழுத்துகளாகத் தெரியும். பிஏஎம்மில் எஃப்எஸ்கிரிப்ட்டின் செஷன் வரியில் 'லாக்_பாலிசீஸ்' என்ற சொல் இருக்க வேண்டும், பழைய பதிப்பு என்றால் அது இல்லாமல் லாக்அவுட்டில் பூட்டாது. அமைத்த முதல் வாரம் தினமும் ஒருவர் லாக்அவுட் ஆனதும் இன்னொருவர் இதைப் பாருங்கள், ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் பாருங்கள்.